குரசாவில் மூன்றாம் நாள்

"நாளைக்குக் காலைல ஆமை பார்க்கப் போறோம். பத்து மணிக்குப் படகு. எழுதிக்கோ" என்றாள் மார்லூஸ் கணவனிடம், குரலைத் தணித்து.

"எத்தனை ஆமைன்னு எழுத?"

"நாலு. அதுல ஒண்ணு உன் காலை உரசிட்டுப் போச்சு."

ரூலோஃப் நோட்டில் எழுதிக்கொண்டான். குரசாவ் தீவின் கடலில் குளித்துக்கொண்டிருக்க வேண்டியவர்கள், ஹார்லெம் நகரத்துக் குளிரில் தங்கள் சொந்த வீட்டு மேல்மாடி அறையில் கோட்டு மாட்டிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தார்கள். மூன்று நாளைக்கு முன் விமானத்தின் வாசல்வரை போன ரூலோஃப், அங்கிருந்த கம்பியைப் பிடித்தவன் பிடித்தவன்தான். இருபது வருடம் தீயணைப்பு வீரனாக இருந்தவனுக்குப் பறக்கப் பயம் என்பது அந்த நிமிடம்தான் அவனுக்கே தெரிந்தது.

அதற்குள் தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்தாகிவிட்டது. அவனுடைய ஐம்பதாவது பிறந்தநாளுக்கு வட்டமாக நாற்காலி போட்டு, ஆளுக்கொரு துண்டு கேக்கோடு உட்கார்ந்திருந்த அத்தனை பேரிடமும் குரசாவ் போவதைச் சொல்லியிருந்தான். இனி அவர்களிடம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு உண்மையைச் சொல்வது? இருட்டோடு இருட்டாகப் பின்சந்து வழியே வீட்டுக்குள் நுழைந்துவிட்டார்கள்.

பகலில் கீழே இறங்க வழியில்லை. அந்தத் தெருவில் யாரும் ஜன்னல் திரையை மூடுவதில்லை. வாசலில் போகிறவர்களுக்குக் கூடமும் தெரியும், கூடத்தைத் தாண்டித் தோட்டமும் தெரியும். திடீரென்று திரையை இழுத்துவிட்டால் எல்லாருக்கும் சந்தேகம் வந்துவிடும்.

"எதிர்வீட்டு வில்மா ஒவ்வொண்ணா கேப்பாங்க. மணல் என்ன நிறம், என்ன மீன் சாப்பிட்டீங்கன்னு" என்றான் ரூலோஃப்.

"அதுக்குத்தானே நாள் நாளா திட்டம் போட்டு எழுதறோம். ரெண்டு பேரும் ஒரே பொய்யைச் சொல்லணும்ல?"

வில்மா ஒன்பது வருடமாக ஒவ்வொரு பிப்ரவரியிலும் அருபா தீவுக்குப் போய், நன்றாக வெயிலில் கறுத்து, பெருமை பொங்கத் திரும்புகிறவள். அவள் கதைகளைக் கேட்டுத்தான் இவர்களுக்கும் ஆசை முளைத்தது. இன்று மதியம்கூடப் பெட்டியோடு டாக்சி ஏறி, தெருவுக்கே கையசைத்துவிட்டுப் போனாள். இருவரும் கூரை ஜன்னல் வழியாக ஒளிந்து பார்த்தார்கள்.

"அறுபது வயசுப் பொம்பளை தனியாப் பறக்கறாங்க. நீயும் இருக்கியே" என்றாள் மார்லூஸ்.

ரூலோஃப் பதில் சொல்ல வாயெடுத்தபோது, கீழே பின்கதவு கிறீச்சிட்டது.

மார்லூஸ் ரூலோஃபின் காதருகே குனிந்தாள்.

"பின்வாசல் பூந்தொட்டிக்கு அடியில இருந்த சாவி... எடுத்துட்டியா?"

"நீ எடுத்தேன்னு நெனச்சேன்!"

யாரோ மெதுவாக நடந்தார்கள். சமையலறை அலமாரி திறந்து மூடியது.

"திருடன்தான். ஊர்ல இல்லைன்னு தெரிஞ்சு வந்திருக்கான்" என்று மார்லூஸ் அவன் கையை நகம் பதியப் பிடித்தாள். "போலீஸைக் கூப்பிடு."

"கூப்பிட்டா தெருவே நம்ம வாசல்ல வந்து நிக்கும்."

"உயிர் போனாலும் பரவாயில்லையா உனக்கு?"

ரூலோஃப் போனைக் கையில் எடுத்தான். எரிகிற வீடுகளிலிருந்து எத்தனையோ பேரைத் தூக்கி வந்தவனுக்கு, இப்போது தெருக்காரர்களை நினைத்து எண்ணை அழுத்தத் துணிச்சல் வரவில்லை. காலடி முதல் மாடிக்கு வந்தது. கொஞ்சம் நின்றது. பிறகு அவர்கள் இருந்த அறைக்குப் போகும் மரப்படியில் ஏறத் தொடங்கியது. ஒவ்வொரு படியிலும் கனமான ஏதோ ஒன்று மோதும் சத்தம் கேட்டது.

"கோடாலியா இருக்குமோ?" என்றாள் மார்லூஸ். அவள் கண்ணில் நீர் முட்டியது. "மானம் போனாப் போகட்டும் ரூலோஃப், கூப்பிடு!"

அவள் சொன்னதே சரி என்று அவனுக்கும் பட்டது. ஒரு கையில் பழைய பனிச்சறுக்குக் காலணியை ஓங்கிக்கொண்டு, மறுகையால் போலீஸ் எண்ணை அழுத்தப் போனான்.

கதவு திறந்தது.

ஒரு கையில் பெட்டியும், மறுகையில் தோலைக் கறுக்கவைக்கும் மின்விளக்குமாக நின்றாள் வில்மா.

"அய்யோ, நீங்க குரசாவ் போகலையா?" என்று அலறியவள், பெட்டியைப் பொத்தென்று கீழே போட்டாள். "ஒன்பது வருஷமா ஊருக்குப் போனவங்க வீடாப் பார்த்துத்தான் தங்கறேன். எங்கயும் இப்படி வீட்டுக்காரங்க இருந்ததில்லையே!"