ஏமாந்த மிஸ்

"மிஸ், கேமரா செத்துப் போச்சு!"

பின்பக்க ஸ்க்ரீனைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள் நிலா. அழுத்தினால் 'க்ளிக்' என்று சத்தம் வந்தது. எடுத்த படம் மட்டும் தெரியவில்லை. ஸ்க்ரீன் கன்னங்கரேல் என்று கிடந்தது.

"ஸ்க்ரீன் மட்டும்தான்டா வேலை செய்யாது. மத்ததெல்லாம் ஜம்முன்னு இருக்கு," என்று சிரித்தார் ஜெர்சி மிஸ். "இதோ, இந்தச் சின்னக் கண்ணாடியில கண்ணை வச்சுப் பாரு. எடு. அடுத்த வாரம் லேப்டாப்ல போட்டுப் பார்த்துக்கலாம்."

"அடுத்த வாரமா!"

படப்பை சர்ச் ஹாலில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நடக்கிற இலவச போட்டோகிராபி வகுப்பு அது. ஜெர்சி மிஸ்ஸுக்கு ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை. படிக்க வருகிறவர்கள் ஹாஸ்டலில் தங்கி ஷிப்ட் பார்க்கிற பெண்கள். அதுவரை போனை வைத்துத்தான் பாடம். பிடித்துப் பழக நிஜக் கேமரா ஒன்று வேண்டுமென்று, ஸ்ரீபெரும்புதூரில் பழைய கேமரா விற்கிற கிச்சாவிடம் போய் வாங்கி வந்திருந்தார் மிஸ்.

"நல்லா ஏமாத்தி வுட்டுட்டான் அந்தாளு," என்று முணுமுணுத்தாள் அம்சவல்லி. "மிஸ்ஸு, யார் இன்னா சொன்னாலும் தலையாட்டிக்கினு வந்துடும்."

செய்யாறு பக்கத்துப் பெண் அவள். வகுப்பில் சேரும்போதே ஒரு கண்டிஷன் போட்டிருந்தாள்.

"நான் எடுப்பேன் மிஸ். என்னை யாரும் எடுக்கக் கூடாது."

உதட்டோரத்திலும் ஒரு கண்ணைச் சுற்றியும் அவளுக்கு வெள்ளைத் திட்டுகள். கேன்டீனில் யாராவது செல்ஃபி எடுத்தால், எடுத்த கையோடு நாலு தலைகள் போன் மேல் கவியும். ஒருத்தி விரலால் படத்தைப் பெரிசாக்குவாள். இன்னொருத்தி, "ஃபில்டர் போடுடி, தெரியாது" என்பாள். நல்லெண்ணத்தில்தான் சொல்வார்கள். அதற்குள் அம்சவல்லி கை கழுவுகிற இடத்துக்குப் போயிருப்பாள்.

இந்தக் கேமராவில் கவிந்து பார்க்க ஒன்றுமே இல்லை. ஒருத்தி எடுப்பாள், அடுத்தவளிடம் கொடுப்பாள், அவ்வளவுதான்.

ஒரு ஞாயிறு நிலாவுக்கு ஃபோகஸ் பிடிபடவே இல்லை. "யாராவது ஜன்னல் பக்கத்துல போய் நில்லுங்கட்டி," என்று கெஞ்சினாள். சங்கரன்கோவில்காரி அவள்.

பக்கத்தில் வேறு யாரும் இல்லை. எப்படியும் எதுவும் தெரியப் போவதில்லையே என்று அம்சவல்லி போய் நின்றாள். நிலா என்னவோ சொன்னாள். இவள் சிரித்துவிட்டாள். க்ளிக்.

அடுத்த வாரம் மிஸ் அவளை மட்டும் தனியாகக் கூப்பிட்டு லேப்டாப்பைத் திருப்பினார்.

"இன்னும் யாருக்கும் காட்டலை. வேணாம்னா இப்பவே அழிச்சுடலாம். நீயே பார்த்துச் சொல்லு."

ரொம்ப நேரம் பார்த்தாள். ஜன்னல் வெளிச்சம் முகம் முழுக்க விழுந்திருந்தது. திட்டுகளும் இருந்தன. ஆனால் முதலில் கண்ணில் பட்டது சிரிப்புதான். தான் இப்படிச் சிரிப்போம் என்றே அவளுக்குத் தெரியாது.

"இத்த பிரிண்ட் போட்டுத் தருவீங்களா மிஸ்? எங்கம்மாக்குக் குடுக்கணும்."

அன்றிலிருந்து மிஸ் மேல் அவளுக்குக் கொள்ளைப் பிரியம். பிரியம் கூடக் கூட, அந்தக் கடைக்காரர் மேல் கோபமும் ஏறிக்கொண்டே போனது.

"நம்ம மிஸ் தலையில ஓட்டைக் கேமராவக் கட்டிக்கீறான். சும்மா வுடக் கூடாதுடி."

"வா, போயி ரெண்டுல ஒண்ணு பாத்துருவோம்," என்றாள் நிலா.

வார லீவில் இருவரும் பஸ் ஏறிப் போய்க் கடையில் நுழைந்தார்கள். கிச்சா லென்ஸ் ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பாடம் சொல்லித் தர்றவங்கன்னுகூடப் பாக்காம, ஸ்க்ரீன் போன கேமராவத் தள்ளி வுட்டுட்டீங்களே, இது நியாயமா சார்?" எடுத்த எடுப்பிலேயே வெடித்தாள் அம்சவல்லி.

"யாருக்கு? ஜெர்சி மேடத்துக்கா?"

கிச்சா பதிலுக்குக் கத்தவில்லை. அலமாரியிலிருந்து அச்சு அசல் அதே மாதிரி இன்னொரு கேமராவை எடுத்து ஆன் செய்தார். ஸ்க்ரீன் பளிச்சென்று எரிந்தது.

"இதைத்தாம்மா முதல்ல குடுத்தேன். வகுப்புக்குத்தானே, ஸ்க்ரீன் போனதோட விலைக்கே எடுத்துக்கோங்கோன்னேன். அவங்க கொண்டுபோனது பார்ட்ஸுக்காகப் போட்டு வச்சிருந்தது, வேணாம்னு தலைபாடா அடிச்சுண்டேன். அவங்க கேட்டாத்தானே!"

"பின்ன ஏன் சார்...?"

"'இதுல எடுத்த உடனே தெரியும், எல்லாரும் வந்து எட்டிப் பார்ப்பாங்க சார்'னாங்க. வகுப்புல ஒரு பொண்ணாம். அதுக்குப் பயந்துண்டே, போட்டோன்னா ஒதுங்கி ஒதுங்கிப் போறதாம். 'எனக்குக் காட்டாத கேமராதான் வேணும்'னு கேட்டு வாங்கிண்டு போனாங்க. இத்தனை வருஷத்துல நான் இப்படி ஒரு..."

பேசிக்கொண்டே நிமிர்ந்தவரின் பார்வை அம்சவல்லியின் முகத்தில் ஒரு கணம் நின்றது. சட்டென்று குனிந்து, துடைத்த லென்ஸையே மறுபடியும் துடைக்க ஆரம்பித்தார்.

நிலா தோழியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தப் பொண்ணு..." தலை நிமிராமலே கேட்டார் கிச்சா. "இப்பவாவது முன்னாடி வந்து நிக்கறாளாம்மா?"

அம்சவல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நிக்கறா சார்."