வெறும் வாய்

சோச்சிமில்கோ வாய்க்காலில் சேறு அள்ளுகிற எலிசியோ வளர்த்த ஆக்ஸலாட்டில் என்கிற நீர்ப்பல்லி, பத்து நாளாக மண்புழுவைத் தொடவில்லை. சூடு ஆகாதென்று, புழு ஒன்றையும் போட்டு டப்பாவோடு பிரிட்ஜில் வைத்தான்.

"சீ, திங்கிற பண்டத்துக்குப் பக்கத்துல இந்தச் சளிக்கட்டியா? நாளைக்கே வாய்க்கால்ல கொட்டிருவேன்யா," என்றாள் மனைவி ரெமேதியோஸ்.

"கொட்டினா செத்துரும்டி. ஒரு வாய் தின்னா பொழச்சுக்கும்."

காலையில் டப்பாவின் மூடி இறுக்கமாகவே இருந்தது. புழு முழுசாகக் கிடந்தது. பக்கத்துத் தட்டில் இருந்த சோளக் கொழுக்கட்டை ஒவ்வொன்றிலும் ஒரு கடி.

"நீதானடி தின்ன?"

"குளுந்து கெடக்கறத எவ தின்னுவா?"

கரண்டிக் காம்பால் பல்லியின் வாயைத் திறந்தான். நாற்றம் குப்பென்று அடித்தது. ஈறு நிறைய மனுசப் பல். கடைவாயில் ஒன்று சொத்தை.

ரெமேதியோஸ் எட்டிப் பார்த்து ஓங்கரித்தாள். "தின்னுருச்சுல்ல? எடுத்து வெளிய வை."

கரண்டியை உருவினான். அது வாயை மூடிக்கொண்டு நிதானமாக மென்றது.