வைலம்

பள்ளிப் பேருந்துக்கு பிரேக் பிடிக்கவில்லை, புகார் செய்யப்போகிறேன் என்று சொன்ன ஆங்கில ஆசிரியை ருக்ஸானாவைத் தாளாளர் கூப்பிட்டனுப்பினார்.

"எனக்கு எப்பவும் கட்டுப்பட்டு நடப்பேன்னு இங்கிலீஷ்ல எழுதிக் குடும்மா. இல்லன்னா வேலை கிடையாது."

அவள் ஆங்கிலத்தில் ஒரே வரியில், 'வைலம் (whilom) கீழ்ப்படிந்த ஊழியை' என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

வைலம் என்றால் என்னவென்று கேட்கத் தாளாளருக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. 'என்றென்றும்' என்றிருக்கும் என நினைத்து, எல்லோரும் பார்க்கட்டும் என்று அறிவிப்புப் பலகையிலேயே ஒட்டிவிட்டார்.

கணக்கு ஆசிரியர் பிரிட்டோ பதறி ஓடிவந்தார்.

"இன்னா டீச்சர், இப்படிப் பணிஞ்சிட்டீங்க?"

"அந்த வார்த்தைய டிக்‌ஷனரில பாருங்க சார்."

பிரிட்டோ செல்போனில் தேடினார். 'வைலம்: முன்னொரு காலத்தில்.'

"அப்போ... இப்ப?"

"இப்பவா? தாம்பரம் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கிளம்பிட்டேன். சாட்சிக்கு வர்றீங்களா?"