தள்ளக் கூடாது

"ரேஸ் விடுறதுக்கோ ஐசே உமக்குப் பெற்றோல்?"

கதிரவேலு இப்படிக் கேட்டதும் பெற்றோல் செற் வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது.

கேட்கப்பட்டவர் நதானியேல். ஒரு பழைய ஒஸ்ரின் மினிக்குள் முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்திருந்தார். கார்க் கதவில் வெள்ளை வட்டம், அதற்குள் ஏழு என்று ஓர் இலக்கம். சைலன்சர் கிடையாது. கரவெட்டியில் அது கிளம்பினால் நெல்லியடியில் நாய் குரைக்கும்.

இளவயதில் தெற்கே கொண்டுபோய்ப் பந்தயத்தில் ஓட்டிய கார். யுத்த இடப்பெயர்வோடு நின்றது. அதன்பிறகு எத்தனையோ வருடம் அதன் சீற்றில் கோழிகள் அடைகிடந்தன.

எரிபொருளுக்குப் பங்கீடு வந்தது. காருக்குக் கிழமைக்கு இவ்வளவு, ஓட்டோவுக்கு அதில் கால்வாசி என்று அறிவித்தார்கள். அந்த மாதம்தான் நதானியேலுக்குத் திடீரென்று கார் ஞாபகம் வந்தது.

கோழியைக் கலைத்தார். இறுகிக் கிடந்த பிறேக்கைக் கழற்றிப் பூட்டினார். காபிரேற்றரை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டார். மனைவி மியூரியலின் பழைய சேலையெல்லாம் கிறீஸ் துடைத்தே முடிந்தன. கடைசியில் கார் ஓடியது.

ஓடியது என்றால், வீட்டிலிருந்து பெற்றோல் செற்றுக்கு. செற்றிலிருந்து வீட்டுக்கு. வேறெங்கும் அது போனதை எவரும் கண்டதில்லை.

பதுக்கல் என்றது ஊர்.

ஊரின் வாய் கதிரவேலு. தொழிற்சங்கக் காலத்திலிருந்து துண்டுப்பிரசுரம் எழுதிப் பழகியவர். சொந்தமாக ஒரு சைக்கிள்தான். ஆனாலும் நாள் தவறாமல் பெற்றோல் வரிசைக்கு வந்து நியாயம் பார்ப்பார். ஓடாத கார்களைத் தள்ளிக்கொண்டு வந்து பெற்றோல் அடித்து விற்கிறார்கள் என்று கண்டுபிடித்தவர் அவர். மனேச்சரோடு சண்டை பிடித்துப் பம்புக்கு மேலே அட்டை கட்டுவித்தவரும் அவர்தான்.

'தள்ளி வரும் வாகனங்களுக்கு எரிபொருள் இல்லை.'

அவருக்குச் சொந்தக் கோபமும் இருந்தது. மனைவிக்குப் புற்றுநோய். தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்குப் போய்வர வேண்டும். ஒரு நாளும் தவறக் கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். ஜெரிசன்தான் தன் ஓட்டோவில் ஏற்றி இறக்கினான். இரண்டு பிள்ளைகளின் தகப்பன். "பெற்றோலுக்கு என்ன செய்யிறாய்?" என்று கேட்டால், "சமாளிக்கிறன் அண்ணை" என்பான்.

ஒருவன் அப்படி நாளும் பொழுதும் சமாளிக்க, இன்னொருவன் கோழிக்கூட்டைத் திருத்திப் பெற்றோல் அடிப்பதா?

"சொல்லுமன் ஐசே. நீர் கொண்டுபோற பெற்றோலிலை எத்தினை நோயாளியள் ஆஸ்பத்திரிக்குப் போகலாம்?"

நதானியேல் சற்று யோசித்தார்.

"ஒராள் போய் வரலாம்."

வரிசை சிரித்தது. கதிரவேலு சிரிக்கவில்லை.

"பகிடியோ?"

"இல்லை. உண்மையாத்தான்."

வரிசை நகர்ந்தது, நின்றது. பிறகும் நகர்ந்தது, நின்றது. ஓடுவதற்கென்று செய்த எஞ்சினுக்கு நிற்கத் தெரியாது. நதானியேல் அதை உறுமவிட்டு உறுமவிட்டு உயிரோடு வைத்திருந்தார். முன்னால் நின்ற வான் பெற்றோல் அடித்துக்கொண்டு வெளியே போனது. அடுத்தது இவருடைய முறை. அந்த நேரம் பார்த்து மினி கொதித்து, இரண்டு தரம் இருமி, அணைந்துபோனது.

மறுபடி ஸ்ராட் பண்ணத் திறப்பைத் திருகினார். பற்றரியும் கைவிட்டது.

பின்னால் நின்ற கார்க்காரன் கை கொடுக்க இறங்கி வந்தான்.

"தள்ளக் கூடாது!"

கதிரவேலு பொனற்றில் கையை ஊன்றிக்கொண்டு காருக்கு முன்னால் நின்றார்.

"கதிரவேலு, இவ்வளவு தூரமும் தன்ரை பாட்டிலைதானே வந்தது. இன்னும் ரண்டு எட்டுத்தான்" என்றார் நதானியேல்.

"அட்டையைப் பாரும். எல்லாருக்கும் ஒரு சட்டம்தான்."

"நீர் ஒருக்கால் நான் சொல்லுறதை..."

"என்ன சொல்லப்போறீர்? சொல்லுமன், எல்லாரும் கேக்கட்டும்."

நதானியேல் அவருடைய முகத்தைப் பார்த்தார். வாய்க்குள் வந்ததை விழுங்கினார்.

"ஒண்டுமில்லை."

மனேச்சர் அட்டையைப் பார்த்தார். சனத்தைப் பார்த்தார். பின்னால் நின்ற காரை விலத்தி வரச்சொல்லிக் கை காட்டினார். சிலர் கை தட்டினார்கள்.

பின்னேரம் கதிரவேலு வீட்டுக்குள் நுழைந்தபோது மனைவி கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"என்னப்பா, இண்டைக்கு முகம் வெளிச்சமாய்க் கிடக்கு?"

"ஒரு பதுக்கல்காரனை மடக்கிப்போட்டன்."

அப்போது தொலைபேசி அடித்தது. ஜெரிசன்.

"அண்ணை, குறை நினைக்காதேங்கோ. நாளைக்கு என்னாலை வரேலாது. பெற்றோல் துண்டற இல்லை, ஒரு சொட்டும் இல்லை."

"என்னடாப்பா, இவ்வளவு நாளும் சமாளிச்சனியெல்லே?"

"நானெங்கை அண்ணை சமாளிச்சது? நதானியேல் ஐயாதான் கிழமைக்குக் கிழமை தன்ரை காரிலையிருந்து ரியூப்பாலை இழுத்துத் தாறவர். அக்காவை ஏத்தி இறக்கத்தானே அந்தக் காரையே திருத்தினவர். உங்களுக்குச் சொல்லக் கூடாதெண்டவர். அறிஞ்சால் ரோசத்திலை அக்காவை ஓட்டோவிலை ஏத்த மாட்டியளாம்."

கதிரவேலு தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினார்.

"கேக்குதோ அண்ணை? இண்டைக்குக் கார் செற்றுக்குள்ளை நிண்டிட்டுதாம். பம்புக்கு ரண்டு எட்டுத்தானாம். ஆரெண்டு கேட்டன், ஐயா பேர் சொல்ல மாட்டாராம். ஆரோ ஒரு நாசமறுப்பான் தள்ள விடேல்லையாம்."