உள்ளே ஆள் இருக்கிறார்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. அடுத்தவர் பெயரில் பிழைத்த ஒருத்தியின் கதையைச் சொல்கிறேன்.

இரண்டு வருஷமாக அவள் ஒரு கணினி அலுவலகத்தில் வேறோர் ஆளின் பெயரில்தான் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று உண்மையைச் சொல்லிவிடத் துணிந்து மேலாளர் அறைக்குள் நுழைந்தாள்.

குற்றம் அவள்மேல் இல்லை. எல்லாரும் எழுதும் கணினி நிரலை ஒரே இடத்தில் சேர்த்து, எந்த வரியை யார் மாற்றினார் என்று குறித்துவைக்க அங்கே ஒரு பழைய மென்பொருள் இருந்தது. அதில் ஆறு பெயருக்குத்தான் இடம். ஏறிய பெயரை அழிக்க முடியாது. ஒரு பெயரில் ஒரு சமயம் ஒருவர்தான் நுழையலாம்.

அவள் ஏழாவது ஆள். "ரிட்டையராகிப் போன கண்ணாடிக்காரர் பேர்ல உள்ள போம்மா. பாஸ்வேர்டு இங்க எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றார் மேலாளர். ஓட்டைப் பானைக்கு ஒட்டுப் போடுவதில் அந்த அலுவலகம் கெட்டி.

ஆறு மாதம் கழித்து அவள் பெயருக்கும் கூடுதலாக ஓர் இடம் காசு கொடுத்து வாங்கினார்கள். ஆனால் எப்போது போனாலும், 'இந்தப் பெயரில் உள்ளே ஆள் இருக்கிறார்' என்றது திரை. கிழட்டு மெஷினுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று, அவள் யாரிடமும் சொல்லாமல் பழையபடி கண்ணாடிக்காரராகவே இருந்துவிட்டாள்.

இப்போது யார் எவ்வளவு வேலை செய்தார் என்று மேலிடம் பட்டியல் கேட்டிருந்தது. யார் பெயரில் வேலை பதிவாகவில்லையோ, அவர்களுக்கு வேலை கிடையாது.

"சார், கண்ணாடிக்காரர் பேர்ல இருக்கறதெல்லாம் நான் எழுதினது. என் பேர்ல ஒண்ணுமே இருக்காது."

மேலாளர் முதல்முறையாக அந்தப் பதிவைத் திறந்து பார்த்தார். புருவம் ஏறியது.

"வாயைக் குடுத்து மாட்டிக்கிட்டியேம்மா. அவர் பேர்ல இருக்கறது பூராவும் பிழை. அத்தனையும் திருத்தினது உன் பேரு. வேலை செஞ்சவங்க பட்டியல்ல உன் பேர்தான் முதல்."

"நான் என் பேர்ல உள்ளயே போனதில்லையே சார்."

"அப்ப உள்ள இருக்கறது யாரு, பேயா?"

கண்ணாடிக்காரருக்கே விவரம் தெரிந்திருக்கலாம் என்று மேலாளர் போன் போட்டு, அவளும் கேட்கும்படி மேஜைமேல் வைத்தார். கேள்வியைக் கேட்டதும் மறுமுனையில் ஒரு செருமல்.

"நான்தான் தம்பி. பொழுது போகலன்னு வீட்டுக் கம்ப்யூட்டர்லருந்து எட்டிப் பார்த்தா, என் பேர்ல எவனோ தப்புத்தப்பா எழுதித் தள்றான். தடுக்கலாம்னா, எப்பவும் அவனே உள்ள உக்காந்திருக்கான். மானம் போகுதேன்னு, புதுசா சேர்த்த பொண்ணு பேர்ல பூந்து திருத்திட்டு இருக்கேன்."

"அந்தப் பொண்ணுக்கு இடைஞ்சலா இருக்காதாண்ணே?"

"அதுதான் வேலைக்கே வர்றதில்லையே."

உங்கள் வீட்டு உழைப்பெல்லாம் உங்கள் பெயரிலேயே சேரட்டும், என் கண்ணுகளா.