மூடுபனிக் கணக்கு

"பூரணி! ஒன்னால வானமே நின்னு போச்சு!"

மரியரட்ணம் சார் கத்தினார். லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடம். முற்றத்தில் சுண்ணாம்பால் பன்னிரண்டு கட்டம். கட்டத்துக்கு ஒரு பிள்ளை, மடியில் சிலேட்டு.

சார் கொஞ்சம் கனவுக்காரர். வெளிநாட்டில் வானத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, பல கம்ப்யூட்டர்கள் ஒரே நேரத்தில் காற்றையும் மழையையும் கணக்குப் போடுகின்றன என்று எங்கோ படித்திருந்தார். 1979இல் எங்கள் தோட்டத்தில் கம்ப்யூட்டருக்கு எங்கே போவது? பிள்ளைகள் எங்களை உட்கார வைத்துவிட்டார்.

ஒவ்வொருவரும் தன் கட்டத்துக் கணக்கைப் போட்டு, கை தூக்கி, விடையைப் பக்கத்துக் கட்டங்களுக்குச் சொல்ல வேண்டும். அதை வைத்துத்தான் அடுத்த சுற்று. ஒருத்தர் பிந்தினாலும் எல்லோரும் காத்திருக்க வேண்டியதுதான்.

தினமும் பிந்தியவள் பூரணி.

மலையிலிருந்து மூடுபனி இறங்கி, எங்களுக்கு நடுவே மெல்ல உலாத்தியது. எங்கள் விடைக்காகத்தான் அது காத்திருக்கிறது என்று நாங்கள் நம்பினோம். சாரும் பாதி நம்பினார்.

"பக்கத்துல சிசிலிய பாரு! ரெண்டு வருஷம் பள்ளிக்கூடம் வராம தம்பிய பாத்துக்கிட்டு கெடந்த புள்ள. மொத ஆளா கை தூக்குறா!"

சிசிலி தலையைக் குனிந்துகொண்டாள்.

"மொத நாளே சொன்னேன்ல? கணக்கு வராத புள்ளைக்கு ஹட்டன் டவுன் பெரிய ஸ்கூல் கெடையாது. ஆத்தா கூட கொழுந்து எடுக்கப் போ!"

பூரணி சிலேட்டை அழுத்தித் துடைத்துவிட்டு, வாசலில் போய் நின்றாள். திமிரைப் பார், என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

அவள் கட்டத்தில் சாரே உட்கார்ந்தார். "இப்ப ஓடும் பாருங்க!"

கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. ஒரு கையைத் தவிர.

சிசிலி வெறும் சிலேட்டைப் பார்த்தபடி அழுதுகொண்டிருந்தாள்.

"எனக்கு வகுக்கத் தெரியாது சார். பூரணிதான் மொதல்ல என் கணக்க போட்டுக் குடுத்துட்டு, அப்புறம் அவளோடத போடுவா."

இத்தனை நாள் வானத்தை ஓட்டியது யார் என்று சாருக்கு அப்போதுதான் புரிந்தது. எழுந்து வாசலுக்குப் போனார்.

"ஏம்மா, என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?"

பூரணி நிமிர்ந்து பார்த்தாள்.

"சொன்னா, அவள கொழுந்து எடுக்க அனுப்பிருவீங்களே சார்."