கெடாத கிரீம்

குளியலறை ஜன்னலில் ஷாம்பு பாட்டிலுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த ஜாடியை அவள் வெளியே எடுத்தாள்.

"இது என்னடி?"

சத்தம் கேட்டு ஓடிவந்த நாத்தனாரின் முகம் வெளுத்தது. "அண்ணி, மெதுவா! அண்ணன் காதுல விழப்போகுது."

உள்ளே குழந்தை சிணுங்கியது. கன்னத்தில் மறுபடியும் சிவப்புத் திட்டுகள்.

கடை கிரீம்களில் கெடாமலிருக்கப் போடும் மருந்து எதுவும் அந்தக் கன்னத்துக்கு ஒத்துக்கொள்ளாது. அதனால்தான் அவள் வீட்டிலேயே கிரீம் செய்ய ஆரம்பித்தாள். கெடாமலிருக்க இலைச்சாறுதான்; அது சேர்க்காவிட்டால் ஒரு வாரம் தாங்காது. கடைசியில் அந்தச் சாற்றை ஊற்றி, கிரீம் இளம்பச்சையாக மாறுவதைப் பார்த்தால்தான் அவளுக்கு நிம்மதி.

பிறகு விற்கவும் தொடங்கினாள். ஆனாலும் முதலில் விற்ற ஜாடிகளில் பாதி, பூஞ்சை பிடித்துத் திரும்பி வந்தன. "அடுப்பு வேலையை என்கிட்ட விடு, சாறு ஊத்துறதை மட்டும் நீங்க ரெண்டு பேரும் பாருங்க" என்று கணவன் பொறுப்பேற்ற பிறகு ஒன்றுகூடத் திரும்பவில்லை. எல்லாம் அவன் கைப்பக்குவம் என்று அவள் ஊரெல்லாம் சொல்லி மாய்ந்தாள்.

இப்போது குழந்தைக்கு அரிப்பு. வீட்டில் யாரோ எதையோ கலக்கிறார்கள்.

மூடியைத் திறந்தாள். கிரீம் பால்போல வெள்ளையாக, வழவழவென்று இருந்தது.

"எத்தனை நாளா இங்க இருக்கு?"

"மழை தொடங்கினதுலேருந்து, அண்ணி."

"இந்த ஈரத்துலயுமா ஒரு பொட்டுப் பூஞ்சை இல்ல? என்னத்தைடி கலந்தே? பச்சப்புள்ள முகத்துல பூசுறது!"

"சத்தியமா நான் எதையும் கலக்கல."

"பின்னே எதுக்கு ஒளிச்சு வச்சே?"

நாத்தனார் அடுக்களைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

கணவன் கையில் கரண்டியோடு எட்டிப் பார்த்துச் சிரித்தான். "கெட்டாலும் திட்டு, கெடலைன்னாலும் திட்டா? எல்லாம் உன் இலைச்சாறு செய்யுற மாயம்! அவளை ஏன் மிரட்டுறே?"

சொல்லிக்கொண்டே ஜாடியை வாங்கக் கை நீட்டினான். நாத்தனார் முந்திக்கொண்டு அதைப் பிடுங்கி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அண்ணனின் முகத்தையே பார்த்தாள்.

"இந்த ஜாடியில நான் சாறே ஊத்தலண்ணா."